கல்லெடுக்கக் குனிந்தவர்

ஞானேந்திரனுக்குக் கடல் பயமில்லை. மன்னார்க் கரையில் பிறந்து, மீசை அரும்பும் முன்னமே தகப்பனோடு வள்ளம் ஏறியவர். பிறகு அதைவிடப் பெரிய கடல் ஒன்றை, நடுவழியில் இயந்திரம் நின்றுபோன படகில் தாண்டி அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். படகில் மற்றவர்கள் தலை தூக்க முடியாமல் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தபோது, இவர் ஓரமாகக் குந்தியிருந்து தூண்டில் போட்டாராம். அப்பேர்ப்பட்ட மனிசன், மெரிலேண்ட்ஸ் றோட்டில் ஒரு நாய் எதிர்ப்பட்டால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். நான் அவருடைய தோளுக்கும் வரமாட்டேன்.

என் பெயர் அருந்ததி. யாழ்ப்பாணத்துக்காரி. வெஸ்ட்மீட் பக்கம் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களை வளர்த்திருந்தால் யாருக்கும் வரும். ஞானேந்திரன் எங்கள் பிளாட்டின் மேல்மாடியில், தன்னைப் போலவே குடும்பத்தைப் பிரிந்திருக்கிற இன்னும் இரண்டு பேரோடு இருக்கிறார். பகலெல்லாம் வீட்டுத் தரைகளுக்கு மாபிள் கல் பதிக்கும் வேலை. இரவில் குவித்துப் போட்ட சோறு. இடையிடையே சீனி கரையாத தேத்தண்ணி. இந்தச் சீவியத்துக்குச் சலரோகம் வராமல் வேறென்ன வரும்? தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். றோட்டில் நாய் இருக்குதே என்று இவர் சொன்னார். டொக்டர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாராம்.

அது பகிடி இல்லை. சின்ன வயதில் கோயில் வாசலில் வைத்து ஒரு நாய் அவருடைய கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். நாய் கடித்தது ஒரு நிமிடம். நேர்ஸ்மார் குத்தியது நாட்கணக்கில். ஆகவே அவருடைய பயத்தில் பாதி நாய்க்குச் சேர வேண்டியது, மிச்சப் பாதி எங்கள் உத்தியோகத்துக்கு. அதனாலோ என்னவோ, அவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பை நானே என் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் சடகோபன். கும்பகோணத்துக்காரர், கொம்பியூட்டர் உத்தியோகம். வீட்டில் அவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாததால்தான் நடக்க வருகிறார் என்பது என் கணிப்பு. எதைக் கேட்டாலும் போனில் தேடி வாசித்துவிட்டு, அதைத் தானே உட்கார்ந்து எழுதியவர் மாதிரிச் சொல்லுவார். ஞானேந்திரனை அவர் ‘சார்’ என்று கூப்பிடுவார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது ஞானேந்திரன், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஞானேந்திரன் ஆயுதத்தோடு வந்தார். தும்புத்தடியிலிருந்து தும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தடியைக் கையில் பிடித்திருந்தார். வீடு கூட்டுவதற்கு இனி என்ன செய்வார்கள் என்று நான் யோசித்தேன். சடகோபன் யோசித்தது வேறு.

“சார், இது எதுக்குன்னு போலீஸ் கேட்டா என்ன சொல்வீங்க?”

“நாய்க்கு எண்டு சொல்லுவன்.”

“தற்காப்புக்குன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்கன்னா அங்கயே முடிஞ்சுது. இந்த ஊர்ல தற்காப்புக்குன்னு முன்கூட்டியே ஒண்ணை எடுத்துக்கிட்டு நடக்கக் கூடாது சார்.”

பிறகு அவர் நடந்துகொண்டே விளக்கினார். ஆபத்து வந்தால் தடுத்துக்கொள்ளலாமாம். ஆனால் வரப்போகிறது என்று வீட்டிலிருந்தே தயாராகிப் போகக்கூடாதாம். வந்த பிறகும் மனதுக்குள் மூன்று கேள்வி கேட்க வேண்டுமாம். ஆபத்து உண்மையானதா? விலகிப்போக வழி இருக்கிறதா? நான் செய்யப்போவது அந்த ஆபத்துக்கு அளவானதா? ஞானேந்திரன் அதை ஞானோபதேச வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார். இதெல்லாம் கேட்டு முடியும்வரை நாய் பார்த்துக்கொண்டு நிற்குமா என்று நான் கேட்டேன். சடகோபன் போனை எடுத்துத் தேடத் தொடங்கினார்.

‘பொலிஸ்’ என்ற சொல்லுக்கு ஞானேந்திரன் இவ்வளவு பணிந்துபோனதற்குக் காரணம் உண்டு. அவருடைய மனைவி மாக்கிறேட்டும் மகள் நிஷானியும் மன்னாரில் இருக்கிறார்கள். செருப்பைக் கால் மாறிப் போடுகிற வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் வளர்ந்ததை முழுவதும் போனுக்குள்தான் பார்த்தார். தற்காலிக விசாவிலேயே வருசங்களை ஓட்டியவருக்கு நிரந்தர விசா இப்போதுதான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அது கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். பொலிஸ் கிளியரன்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும், இந்த நேரத்தில் ஒரு சின்னக் கேசும் வரக்கூடாது என்று வழக்கறிஞர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மனிசன் பச்சை விளக்கு எரிந்தாலும் நின்று பார்த்துத்தான் றோட்டைக் கடப்பார்.

ஆகவே தடிக்குச் சடகோபனே ஒரு வழி சொன்னார். கால் ஏலாதவர் ஊன்றுகோல் வைத்திருந்தால் அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஞானேந்திரன் அன்றே வலது காலை இழுக்கத் தொடங்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிசன் ஒரு பொய்யை எடுத்தால் அதை முழுநேர வேலையாகச் செய்வார். பார்க்கில் மட்டும் நொண்டினால் பிடிபட்டுவிடுவேன் என்று கடைக்கும் நொண்டினார், அந்தோனியார் கோயிலுக்கும் நொண்டினார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் நோயாளருக்கான மன்றாட்டில் அவருடைய பெயரை வாசித்தார்கள். சபை முழுவதும் எழும்பி நின்று அவருடைய காலுக்காகச் செபித்தது. இவரும் எழும்பி நின்று செபித்தார்.

அந்தப் பூசைக்கு அவருடைய முதலாளி கஜீவனும் வந்திருந்தான். முழங்காலில் நின்று மாபிள் பதிக்கிற வேலைக்கு ஏலாத கால் எப்படிச் சரிவரும் என்று அவன் வேறு ஆள் தேடத் தொடங்கினான். கேள்விப்பட்ட அன்றே ஞானேந்திரன் தடியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தார். கோயிலில் அதை அந்தோனியார் செய்த புதுமை, அற்புதம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு குடும்பம் இறைச்சிக் கறியும் பாணும் கொண்டுவந்து கொடுத்து, அவருடைய காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. மனிசன் வெட்கத்தில் செத்துப்போனார். கறி நல்ல கறி, எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

அடுத்த ஆயுதம் தூள். மாக்கிறேட் வறுத்து இடித்து, யாரோ வருகிறவர் கையில் கொடுத்தனுப்பிய கறித்தூள். அதைப் போட்டு இவர் வைத்த கணவாய்க் கறியை ஒருமுறை சாப்பிட்டுவிட்டு, என் கணவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்படிப்பட்ட தூளைச் சின்னப் பையில் கட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார் ஞானேந்திரன். சமையல் சாமான் ஆயுதமாகாது என்பது அவருடைய வாதம். எதற்கு வைத்திருக்கிறோம் என்பதுதான் கணக்கு, கறித்தூளோடு யார் சார் வாக்கிங் போவார்கள் என்பது சடகோபனுடைய வாதம். வாதம் முடிய முன்னர் இவர் பல்கனியில் நின்று ஒரு பிடி வீசிப் பரீட்சித்துப் பார்த்தார். காற்று எதிர்ப்பக்கமிருந்து வந்தது. நான் ஓடிப்போய்க் குசினித் தண்ணீர்ப் பைப்புக்குக் கீழே அவருடைய தலையைப் பிடித்து அமர்த்திக் கண்ணைக் கழுவினேன். கழுவிக்கொண்டே வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவருடைய கண்ணுக்காகப் பாதி, அநியாயமாய்ப் போன தூளுக்காகப் பாதி.

அதற்குப் பிறகு அவர் வெறுங்கையோடுதான் நடந்தார். ஆயுதம் போனாலும் மூன்று கேள்விகள் மட்டும் போகவில்லை. தூரத்தில் ஒரு நாய் தெரிந்தாலே உதடு அசையத் தொடங்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, வாய்க்கால் ஓரமாக உள்ள பார்க்கில் நடந்துகொண்டிருந்தோம். முதல் நாள் அடித்த காற்றில் முறிந்த சுள்ளியும் கிளையுமாகப் பாதை முழுக்கக் குப்பை. சடகோபன் எனக்கு ஓய்வூதியத்தைப் பற்றி, நான் கேட்காமலேயே, விளக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சிலிருந்து தப்பி ஞானேந்திரன் முன்னால் போய்விட்டார். பார்க்கின் வாசலில் ஒரு கோப்பி வண்டி. அதன் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர் கோப்பிக்காகக் காத்து நின்றார்கள்.

அப்போது வளைவிலிருந்து அது வந்தது. கன்றுக்குட்டி அளவில் ஒரு மண்ணிற நாய். கழுத்தில் பட்டி இருந்தது, பட்டியில் கயிறு இல்லை. நான்கு காலும் நிலத்தில் படாமல் நேராக ஞானேந்திரனை நோக்கி வந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த எனக்கு அவருடைய தாடை அசைவது தெரிந்தது. கேள்வி கேட்கிறார். ஆபத்து உண்மையானதா? ஓம். விலகிப்போக வழி இருக்கிறதா? ஒரு பக்கம் கம்பி வேலி, மறு பக்கம் வாய்க்கால். மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் தேடவில்லை. அவருடைய உடம்பே பதில் சொல்லிவிட்டது. குனிந்தார்.

இதை ஊர்ச் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் நாய் துரத்தினால் யாரும் கல்லால் எறிவதில்லை. கல்லெடுக்கக் குனிந்தால் போதும். கல்லே இல்லாத வெறும் மணலில் குனிந்தாலும் நாய் வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடிவிடும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மனிசனுக்கும் நாய்க்கும் தெரிந்த சங்கதி அது. ஆனால் மெரிலேண்ட்ஸ் நாய்க்கு அந்தப் படிப்பு இல்லை. இந்த நாட்டில் ஒருவர் தன்னைக் கண்டு குனிந்தால், எறிந்து விளையாட ஏதோ எடுக்கிறார் என்றுதான் நாய் நினைக்கும். அந்த நாய் சந்தோசத்தில் இன்னும் வேகம் எடுத்தது.

ஞானேந்திரனுடைய கையில் கல் அகப்படவில்லை, முறிந்த கிளை ஒன்றுதான் அகப்பட்டது. அதை ஓங்கிக்கொண்டு நிமிர்ந்தார். நாய் அவருடைய சப்பாத்துக்கு முன்னால் வந்து சறுக்கி நின்று, குந்தி, நாக்கைத் தொங்கவிட்டுத் தடியையே பார்த்தது. இவர் ஓங்கிய கையை இறக்கவில்லை. இறக்கினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நாய்க்காரி வந்தாள். என்னைவிட வயது கூடிய வெள்ளைக்காரக் கிழவி, கையில் இரும்புக் கொக்கி தொங்கும் கயிறு. தன் நாய்மேல் அந்தத் தடி பட்டால் நடக்கிறதே வேறு என்று கத்தினாள். கயிற்றைச் சுழற்றிப் பிடித்தாள். தடியோடு நிற்கிற ஒரு உயர்ந்த கறுத்த மனிசனைக் கண்டு, அவளும் தனக்குள் ஏதோ மூன்று கேள்வி கேட்டிருப்பாள் போலிருந்தது. பிறகு கோப்பி வண்டிப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். பொலிஸ்காரர் இருவரும் கோப்பியோடு வந்தார்கள்.

தாதி வேலையில் எத்தனையோ பார்த்தவள் நான், அன்றைப்போல் பயந்தது குறைவு. ஒரு சுள்ளித் தடிக்காக அந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு காலம் தகப்பனைப் போனுக்குள் பார்க்கப் போகிறாளோ என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சடகோபன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார். தற்காப்புச் சட்டத்தைப் பொலிசுக்கே விளக்கப் போகிறார் என்று விளங்கியது. நான் அவருடைய காலில் ஏறி நின்றேன். என் முழு நிறையோடும் நின்றேன். அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார், சத்தம் வரவில்லை.

இளைய பொலிஸ்காரன் என்ன பிரச்சினை என்று கேட்டான். இந்த ஆள் என் நாயை அடிக்க ஓங்கினான் என்றாள் கிழவி. பொலிஸ்காரன் ஞானேந்திரனைப் பார்த்தான். ஞானேந்திரன் தன் கையில் இருந்த தடியை அப்போதுதான் காண்கிறவர் போல அண்ணாந்து பார்த்தார். முகம் சாம்பல். அடுத்த கணம் அந்தத் தடியைத் தன் பலம் எல்லாம் சேர்த்துப் புல்வெளிக்கு அப்பால் வீசினார். வலை எறிந்த கை. தடி போய் விழுந்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

நாய்க்குத் தெரிந்தது. பாய்ந்து போய்க் கவ்விக்கொண்டு வந்து அவருடைய சப்பாத்தின் மேல் வைத்தது. ஞானேந்திரன் பதறிப்போய்க் குனிந்து, எச்சில் வழிகிற தடியை இரண்டு விரலால் தூக்கி, இன்னும் தூரத்துக்கு வீசினார். அது திரும்பவும் வந்தது. இந்த முறை வாய்க்கால் பக்கமாக எறிந்தார். நாய் தண்ணீரில் குதித்து, தடியோடு ஏறிவந்து, எல்லோர் மேலும் உதறிவிட்டு, தடியைப் பொலிஸ்காரனுக்கும் ஞானேந்திரனுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தது. ஞானேந்திரனுடைய கண்ணில் நீர் நின்றது. அதைக் கண்ட மூத்த பொலிஸ்காரர் சிரித்துவிட்டார்.

கிழவியின் கையில் கயிறு தானாகத் தாழ்ந்தது. இது யாரிடமும் இப்படித் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பதில்லை, என்னைக்கூட ஓடவிடும் என்றாள். அவளுடைய குரலில் கோபம் போய் ஒரு பொறாமை வந்திருந்தது. இளைய பொலிஸ்காரன் குந்தி இருந்து நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்து, இதன் பெயர் என்ன என்று கேட்டான். வின்ஸ்டன் என்றாள். நல்ல பையன் வின்ஸ்டன் என்றான். பிறகு எழும்பி, இந்தப் பாதையில் நாயைக் கயிற்றில்தான் கொண்டுவர வேண்டும் என்று கிழவிக்கு மரியாதையாகச் சொல்லிவிட்டு, கோப்பியைக் குடித்துக்கொண்டே போனான். கிழவி கொக்கியைப் பட்டியில் மாட்டினாள். அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா என்று ஞானேந்திரனிடம் கேட்டாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாங்க்யூ தாங்க்யூ என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போனதும் ஞானேந்திரன் பக்கத்து மர வாங்கிலில் பொத்தென்று குந்தினார். நானும் இருந்தேன். சடகோபன் காலைத் தடவிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். நாய்ப் பயம் ஒருவழியாகப் போய்விட்டதே என்று நான் ஞானேந்திரனைப் பாராட்டினேன். பொலிசுக்கு முன்னால் அவ்வளவு சாதுரியமாக விளையாட்டுக் காட்டினாரே என்றும் சொன்னேன்.

“விளையாட்டோ?” என்றார். “அக்கா, ஆயுதம் கையில இருந்தால்தானே கேஸ். அதைத் துலைச்சுப்போடத்தான் எறிஞ்சனான். அந்தச் சனியன் திருப்பித் திருப்பிக் கொண்டந்து பொலிசுக்கு முன்னால வைக்குது.”

நான் சிரித்த சிரிப்பில் மூச்சு அடைத்துவிட்டது. சடகோபன் ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம் என்று ஏதோ தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

ஞானேந்திரன் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கையை இரண்டு தரம் கழுவினார்.

“அவன் நாயின்ர பேரைத்தான் கேட்டவன், கவனிச்சனீங்களோ?”

எனக்குச் சுருக்கென்றது. ஓம், கவனித்தேன். நாயைக் குந்தி இருந்து தடவிப் பெயர் கேட்டவனுக்குப் பக்கத்தில் நின்ற மனிசனை மனிசனாகத் தெரியவில்லையா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயில் வந்ததைப் பொலிஸ் போன திசையைப் பார்த்துத் தொடங்கினேன். ஞானேந்திரன் என் கையைப் பிடித்து நிற்பாட்டினார்.

“ஐயோ, ஏசாதையுங்கோ அக்கா. இந்த நாட்டில என்ர பேரைக் கேளாமல் விட்ட முதல் ஆள் அவன்தான். நல்லாயிருக்கட்டும்.”

அகதிக் காம்பிலும், விசாக் கந்தோரிலும், கவுண்டரிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரைச் சொல்லிக் களைத்த மனிசன் அவர். கோபப்படுவதற்கு எனக்கு என்ன உரிமை?

அவர் போனை எடுத்தார். மன்னாரில் அப்போது விடிந்தே இருக்காது. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் எங்கள் சனத்துக்கு ஒரேயொரு அர்த்தம்தான் தெரியும். இப்போது எடுக்க வேண்டாம், அந்தப் பெண் பயந்துபோவாள் என்று நான் சொல்லச் சொல்ல எடுத்துவிட்டார். மாக்கிறேட் தூக்கம் கலைந்து பதறுவது எனக்கும் கேட்டது. யாருக்கு என்ன, என்ன நடந்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

“ஒண்டும் நடக்கேல்லை மாக்கிறேட்,” என்றார் ஞானேந்திரன். ஈரக் கையால் கண்ணைத் துடைத்தார். “அதைச் சொல்லத்தான் எடுத்தனான்.”